பிணக்கை எழுதிக் கொடுக்கும் முறை
(மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பிப்போருக்கான ஒரு பாடம்)

இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பமொன்று சொந்தக் காணிக்குத் திரும்பும்போது பற்றைக்காட்டையும் இடிந்த சுவரையும் மட்டும் காண்பதில்லை. வேலி நின்ற இடத்தில் வேலி இல்லை. எல்லைக் கல்லைக் காணோம். அடையாளமாக நின்ற பனை தறிக்கப்பட்டுவிட்டது. பங்குக் கிணற்றில் வேறொருவர் நீரிறைக்கும் இயந்திரம் பூட்டியிருக்கிறார். வயலை இன்னொருவர் உழுது விதைக்கிறார். விசாரித்துப் பார்த்தால் அவரும் வேறோர் ஊரிலிருந்து எழும்பி வந்தவராகவே இருக்கிறார்.

1990ஆம் ஆண்டு யூனில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்கள், அதே ஆண்டு ஒக்ரோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு ஓரிரவில் நடந்தவர்கள், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியில் ஊர் ஊராக நகர்ந்தவர்கள் ஆகிய எல்லோருக்கும் இது பழகிய கதை.

இத்தகைய பிணக்கு எழும்போது சிலர் மனதுக்குள் வைத்துப் புழுங்குகின்றனர். சிலர் வேலியடியில் நின்று சத்தமிடுகின்றனர். சிலர் நேரே பொலிசுக்கு ஓடுகின்றனர். நீதிமன்றம் செல்லப் பணமும் இல்லை. ஆண்டுக்கணக்கில் காத்திருக்கக் காலமும் இல்லை. இந்நிலையில் ஏழைக் கமக்காரருக்குத் திறந்திருக்கும் வாசல் மத்தியஸ்த சபையாகும். ஆனால் அவ்வாசலைத் தட்டுவதற்கும் ஒரு முறையுண்டு. நியாயம் முழுவதும் தம் பக்கம் இருந்தும், எழுதிக் கொடுத்த விண்ணப்பம் பிழையாக இருப்பதால் சிலர் பல மாதங்களை இழக்கின்றனர். விண்ணப்பத்தைச் சரியாக எழுதும் வழியைக் கற்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. மத்தியஸ்த சபை என்பது என்ன?

முதியவர்கள் இதனை இன்றும் 'இணக்க சபை' என்றே அழைப்பார்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ் நாட்டில் இணக்க சபைகள் இயங்கின. பின்னர் அவை நீக்கப்பட்டன. இப்போதுள்ள மத்தியஸ்த சபைகள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டவை. போர் நடந்த ஆண்டுகளில் வடக்கின் பெரும்பகுதியில் இவை இயங்க முடியவில்லை. ஆகையால் நம்மில் பலருக்கு இவற்றைப் பற்றிய பழக்கம் குறைவு.

சபையில் இருப்போர் நீதிபதிகள் அல்லர். ஊரில் மதிப்புள்ள, இதற்கெனப் பயிற்சி பெற்ற தொண்டர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், அதிபர், அலுவலர் எனப் பலர் இருப்பர். பெரும்பாலும் சனி அல்லது ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பாடசாலையிலோ பொது மண்டபத்திலோ கூடுவர். ஒவ்வொரு பிணக்கையும் மூவர் கேட்பர். ஒருவரை நீங்கள் தெரிவுசெய்யலாம். இன்னொருவரை மறுதரப்பினர் தெரிவுசெய்யலாம். அவ்விருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவுசெய்வர்.

ஒன்றை நன்றாக மனதில் இருத்த வேண்டும். இம்மூவரும் தீர்ப்புச் சொல்வதில்லை. 'இவர் சரி, அவர் பிழை' என்று எழுதுவதில்லை. எவரையும் தண்டிப்பதில்லை. இரு தரப்பையும் எதிரெதிரே இருத்தி, தாமாகவே ஓர் உடன்பாட்டுக்கு வரத் துணைசெய்வதே அவர்கள் பணி. இதை விளங்கிக்கொண்டால் விண்ணப்பத்தில் எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும் என்பது தானாகவே தெளிவாகும். தண்டிக்கும் அதிகாரம் இல்லாதவரிடம் 'தண்டியுங்கள்' என்று கேட்பதில் பயன் என்ன?

2. எவற்றை ஏற்பர், எவற்றை ஏற்கார்?

வேலி, எல்லை, ஒழுங்கை, கிணற்றுப் பங்கு, வாய்க்கால் நீர், கைமாற்றுக் கடன், கால்நடை பயிரை மேய்ந்த நட்டம் போன்ற அயலவர் பிணக்குகள் சபைக்கு உரியவை. சிறு கைகலப்பு, ஏச்சுப்பேச்சு, அத்துமீறி நுழைதல் போன்ற சில சிறு குற்றங்களும் அங்கு வரும்.

குறித்த பெறுமதிக்கு உட்பட்ட காணி, கடன், நட்டம் பற்றிய பிணக்குகளை முதலில் சபைக்குக் கொண்டுசெல்லாமல் நீதிமன்றத்தில் வழக்கிட முடியாது. 1988இல் 25,000 ரூபாவாக இருந்த இவ்வெல்லை 2016இல் 5 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. சட்டத் திருத்தங்களால் மாறக்கூடிய தொகை இது. ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையிலுள்ள தொகையைச் சபையின் தவிசாளரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஏற்காதவையும் உண்டு. அரசாங்கமோ, தம் கடமையைச் செய்யும் அரச அலுவலரோ மறுதரப்பாக இருந்தால் சபை அதனை எடுக்காது. படையினர் வசமுள்ள காணி, வன இலாகா எல்லையிட்ட காணி ஆகியவற்றுக்குப் பிரதேச செயலாளர், மாவட்டச் செயலாளர், மனித உரிமைகள் ஆணைக்குழு ஆகிய வழிகளையே நாட வேண்டும். அரச காணி அனுமதிப்பத்திரம் யாருக்கு உரியது என்ற கேள்வி பிரதேச செயலகத்துக்குரியது. நெல்வயலின் குத்தகைக் கமக்காரர் உரிமை பற்றிய பிணக்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வருவதால் கமநல சேவை நிலையத்திலிருந்து தொடங்க வேண்டும். விவாகரத்து, சகோதரரிடையே காணியைச் சட்டப்படி பங்கிடும் வழக்கு, இறந்தவரின் ஆதன நிர்வாகம் ஆகியன நீதிமன்றத்துக்குரியவை.

இவை தவிர, 2003ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சிறப்பு வகைப் பிணக்குகளுக்கெனத் தனிச் சபைகள் அமைக்க இடமளித்தது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் இவ்வாறான சபைகள் இயங்கின. யாழ்ப்பாணம், கிளிநொச்சி உட்படச் சில மாவட்டங்களில் காணிப் பிணக்குக்கென்றே சிறப்புச் சபைகள் அமைக்கப்பட்டன. உங்கள் பிணக்கு காணி பற்றியதாயின், எந்தச் சபைக்குக் கொடுப்பது பொருத்தமென்று பிரதேச செயலகத்தில் முதலிலேயே கேளுங்கள்.

ஒரே பிணக்கை ஒரே நேரத்தில் பல இடங்களில் கொடுத்து வைப்பது நல்லதல்ல. பொலிசில் ஒன்று, பிரதேச செயலகத்தில் ஒன்று, நீதிமன்றத்தில் ஒன்று என்று இருந்தால் ஒருவர் மற்றவரைப் பார்த்துக் காத்திருப்பார். ஏற்கெனவே வேறெங்கேனும் முறையிட்டிருந்தால் அதனை மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

3. எழுதுமுன் செய்ய வேண்டியவை

முதலாவது, நேரே கதையுங்கள். மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஓர் ஒழுங்கைக் காட்டுகிறார். சகோதரனோடு மனத்தாங்கல் ஏற்பட்டால் முதலில் தனியே போய்ப் பேச வேண்டும். கேளாவிட்டால் ஓரிருவரைக் கூட்டிச் செல்ல வேண்டும். அதன் பின்னரே சபையாரிடம் கொண்டுவர வேண்டும். இவ்வொழுங்கைத் தலைகீழாக்கி, முதல் வேலையாக எழுத்தில் முறையிட்டால், அழைப்புக் கடிதம் கிடைக்கும் அயலவர் அவமானப்பட்டவராகவே வந்து இருப்பார். அவமானப்பட்டவர் இலகுவில் விட்டுக்கொடார்.

'அண்ணை, வேலி விசயமாக ஒருக்கா இருந்து கதைப்பம். உங்கட உறுதியையும் கொண்டுவாங்கோ, எங்கட உறுதியையும் கொண்டுவாறம்' என்று கேட்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை. அவர் மறுத்தால், பங்குத்தந்தை, போதகர், கோயில் ஐயர், மௌலவி, கிராம அலுவலர், கமக்கார அமைப்பின் தலைவர் ஆகியோரில் இருவரும் மதிக்கும் ஒருவரோடு மறுபடியும் செல்லுங்கள். எந்த நாளில் யார் முன்னிலையில் கதைத்தீர்கள் என்பதைக் கொப்பியில் குறித்துவையுங்கள். இக்குறிப்பு பின்னர் விண்ணப்பத்துக்கு உதவும்.

இரண்டாவது, ஆவணங்களைத் தேடுங்கள். உறுதி ஓட்டத்தில் தொலைந்துபோயிருக்கலாம். அதனால் உரிமை தொலைந்துவிடவில்லை. நொத்தாரிசு முடித்த உறுதியின் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுவது வழக்கம். காணியின் பெயர், ஊர், உறுதி முடித்த ஆண்டு, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றில் தெரிந்தவற்றைக் கொண்டு அங்கே அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் கேட்கலாம். அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகப் பதிவேட்டில் விபரம் இருக்கும். பழைய வரிப் பற்றுச்சீட்டு, நில அளவைப் படம், வாக்காளர் இடாப்புப் பதிவு, மின்சாரப் பட்டியல் ஆகியனவும் உதவும்.

மூன்றாவது, காலத்தைக் கணக்கிடுங்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமையாளருக்கு எதிராகப் பத்து ஆண்டுகள் இடையூறின்றிக் காணியை ஆண்டுவந்தவர் அதனைத் தமதென்று கோர இடமுண்டு. போரினால் ஊருக்குப் போக முடியாதிருந்தவர்களின் நிலையைக் கருதி 2016ஆம் ஆண்டில் 5ஆம் இலக்க விசேட சட்டமொன்று நிறைவேற்றப்பட்டது. ஆனால் அச்சலுகையைக் கொண்டு வழக்கிடக் கொடுத்த காலம் குறுகியது, அது கடந்துவிட்டது. ஆகவே ஊர் திறக்கப்பட்ட பின்னும் 'பிறகு பார்ப்போம்' என்று ஆண்டுகளைக் கடத்துவது ஆபத்து. பத்து ஆண்டு நெருங்கும் நிலையிலிருப்போர் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் உடனே ஆலோசனை பெற வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'நாங்கள் வரும்வரை பார்த்துக்கொள்ளுங்கோ' என்று நீங்களே ஒருவரிடம் ஒப்படைத்த காணியை அவர் உங்கள் அனுமதியுடனேயே ஆள்கிறார். அனுமதியோடு இருப்பதும் எதிராக ஆள்வதும் சட்டத்தில் ஒன்றல்ல. ஆகையால் யாருக்கு, எப்போது, என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்பதை எழுதிவைப்பது மிக அவசியம்.

4. எந்த இடத்தில் கொடுப்பது?

நீங்கள் இப்போது வசிக்கும் ஊரின் சபையில் அல்ல. பிணக்கு எழுந்த இடத்தின் சபையில் கொடுக்க வேண்டும். வவுனியாவில் உறவினர் வீட்டில் இருப்பவரின் காணி முல்லைத்தீவில் இருந்தால், அக்காணி அமைந்துள்ள பிரதேசத்தின் சபைத் தவிசாளருக்கே விண்ணப்பம் செல்ல வேண்டும். சபை கூடும் இடம், நாள், தவிசாளரின் முகவரி, ஒட்டவேண்டிய முத்திரை ஆகியவற்றைக் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ அறியலாம். தூர இடத்தில் வசிப்பவர்கள், வரக்கூடிய நாட்களையும் தொலைபேசி இலக்கத்தையும் விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும்.

5. விண்ணப்பத்தின் ஆறு பகுதிகள்

விண்ணப்பம் ஒரு பக்கம், கூடினால் இரண்டு பக்கம் போதும். பின்வரும் ஆறு பகுதிகளும் இருக்க வேண்டும்.

(அ) நீங்கள் யார்: முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், இப்போதைய முகவரி, காணியுள்ள ஊர்.

(ஆ) மறுதரப்பினர் யார்: சம்பந்தப்பட்ட எல்லோருடைய பெயரும் முகவரியும். இங்கேதான் பலர் தவறுகின்றனர். கணவனின் பெயரை மட்டும் எழுதுவர். உறுதியோ மனைவியின் பேரில் இருக்கும். யாழ்ப்பாணத்தில் சீதனக் காணி பெண் பெயரில் இருப்பது வழமை. காணியில் இருப்பவரை மட்டும் எழுதுவர். அவரை இருத்தியவர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பார். கையொப்பமிடாதவரை உடன்பாடு கட்டுப்படுத்தாது. உங்கள் பக்கத்திலும் பங்குள்ள சகோதரர் இருந்தால் அவர்களையும் சேருங்கள். வெளிநாட்டில் இருப்பவர் அற்றோணித் தத்துவம் கொடுத்திருந்தால் அதைக் குறிப்பிடுங்கள்.

(இ) எதைப் பற்றிய பிணக்கு: காணியின் பெயர், பரப்பளவு, நாற்புற எல்லை, உங்களுக்கு உரித்து வந்த வழி.

(ஈ) நடந்தது என்ன: திகதி ஒழுங்கில், இலக்கமிட்டு, ஒவ்வொன்றும் ஓரிரு வாக்கியத்தில். கண்டதை எழுதுங்கள், ஊகத்தை எழுதாதீர்கள்.

(உ) இதுவரை எடுத்த முயற்சி: எப்போது, யார் முன்னிலையில் கதைத்தீர்கள், எந்த இடத்தில் உடன்பாடு முறிந்தது.

(ஊ) நீங்கள் கேட்பது என்ன: செய்யக்கூடியதாக, அளக்கக்கூடியதாக எழுதுங்கள். 'நியாயம் வேண்டும்' என்பது கோரிக்கை ஆகாது. 'எல்லையை அளந்து கல் நாட்ட வேண்டும்' என்பது கோரிக்கை.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்றுண்டு. ஆளைப் பற்றி எழுதாதீர்கள். காணியைப் பற்றி எழுதுங்கள். விண்ணப்பத்தின் விபரம் மறுதரப்பினருக்கும் தெரியவரும். நீங்கள் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் அவர் காதால் கேட்கப்போகிறார் என்று எண்ணிக்கொண்டு எழுதுங்கள்.

6. ஓர் உதாரணம்

பாடத்துக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவனை இழந்த தாய் ஒருவர் 1990இல் மூன்று பிள்ளைகளோடு ஊரைவிட்டு வெளியேறினார். 2018இல் காணி விடுவிக்கப்பட்டுத் திரும்பினார். அயலவர் சில மாதம் முந்தியே வந்து தகரவேலி அடைத்துவிட்டார். இரு காணிக்கும் பொதுவான கிணற்றுக்குப் போகும் படலையிலும் பூட்டுத் தொங்குகிறது. தாய் முதலில் எழுதியது இது:

'எதிராளி ஒரு காணிக் கள்ளன். தகப்பனும் அப்படித்தான். நாங்கள் அகதியாய் அலைந்த நேரம் பார்த்து எங்கள் நிலத்தையும் கிணற்றையும் பிடித்துவிட்டார். அவருடைய மகன் எனது மகனை ஏசினவர். அவருடைய மாடு எனது பயிரைத் தின்றது. ஆகவே அவருக்குத் தகுந்த தண்டனை கொடுத்து எனது சொத்தை மீட்டுத் தரும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன்.'

இதிலுள்ள கண்ணீர் உண்மையானது. ஆனால் இதை வாசிக்கும் மூவருக்கும் எவ்வளவு நிலம், எந்தப் பக்கம், எப்போது என்பது தெரியாது. நான்கு பிணக்குகள் ஒன்றாகக் கலந்துள்ளன. மறுதரப்பினரோ தகப்பனைப் பற்றிய வார்த்தைக்கே பதில் சொல்லத் தொடங்குவார். வேலியைப் பற்றிக் கதைக்க நேரமிராது. இதையே இவ்வாறு மாற்றி எழுதலாம்:

'1. எனக்குச் சொந்தமான 6 பரப்புக் காணி 1974ஆம் ஆண்டு சீதன உறுதிமூலம் எனக்குக் கிடைத்தது. கிழக்கு எல்லை மறுதரப்பினரின் காணி.

2. 1990 யூன் மாதம் ஊரைவிட்டு வெளியேறி 2018 மே மாதம் திரும்பினோம்.

3. அப்போது பழைய கிழக்கு வேலியும் எல்லைக் கற்களும் இருக்கவில்லை. நிலம் இயந்திரத்தால் மட்டமாக்கப்பட்டிருந்தது. இப்போதுள்ள தகரவேலி, பழைய எல்லையென நான் கருதும் இடத்திலிருந்து வடமுனையில் 9 அடியும் தென்முனையில் 4 அடியும் எமது பக்கமாக உள்ளது. பழைய வேலியில் நின்ற இரு பனைகளின் அடிக்குற்றிகள் இப்போது தகரவேலிக்கு அப்பால் உள்ளன.

4. பொதுக் கிணற்றில் எனக்கு அரைப்பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் உறுதியில் எழுதப்பட்டுள்ளன. கிணற்றுப் படலை இப்போது பூட்டப்பட்டுள்ளது.

5. இதுபற்றி இருமுறை கதைத்தோம். இரண்டாம் முறை கிராம அலுவலரும் இருந்தார். கிணற்றில் எமக்குப் பங்குண்டு என்பதை மறுதரப்பினர் ஏற்கின்றனர். எல்லை எங்கே என்பதிலேயே உடன்பாடு ஏற்படவில்லை.

கேட்பது: (அ) இரு தரப்பும் ஏற்கும் அனுமதிபெற்ற நில அளவையாளரைக் கொண்டு இரு உறுதிகளின்படியும் எல்லையை அளந்து கல் நாட்டுதல், செலவைச் சமமாகப் பகிர்தல். (ஆ) படலைத் திறப்பு இரு வீட்டிலும் இருத்தல். (இ) இறைப்பு முறையை நாள் குறித்து ஒழுங்குசெய்தல்.'

இரண்டாவது விண்ணப்பத்தில் கள்ளன் என்ற சொல் இல்லை. மட்டமாக்கப்பட்ட வெறுநிலத்தில் அயலவர் அடையாளம் தெரியாமல் குத்துமதிப்பாக வேலி அடைத்திருக்கவும் கூடும். அப்படியாயின், முகம் கெடாமல் வேலியைப் பின்னுக்கு எடுக்க அவருக்கு இவ்விண்ணப்பம் வழிவிடுகிறது. அவர் வேண்டுமென்றே அடைத்திருந்தாலும் பனையடிக்குற்றியும் அளவும் அவருக்கு எதிராகப் பேசும். அவர் ஏற்றுக்கொண்டதையும் மறைக்காமல் எழுதியிருப்பதால் தாயின் நேர்மை மத்தியஸ்தருக்கு விளங்கும். மாடு, மகன் ஆகிய விடயங்கள் விடப்பட்டன. வேலி சரியானால் அவற்றிற் பாதி தானே அடங்கும். அடங்காவிட்டால் வேறாக எழுதலாம்.

வேலியும் கிணறும் இரண்டல்லவா என்று கேட்கலாம். ஒரே இரு குடும்பம், ஒரே காணி, ஒரே உறுதி என்பதால் இவை ஒன்றாக வரலாம்.

7. சபை கூடும் நாளில்

விண்ணப்பத்தின் ஒரு பிரதியைக் கட்டாயம் வீட்டில் வைத்திருங்கள். உறுதி முதலிய மூல ஆவணங்களைச் சபையில் காட்டுங்கள்; கொடுப்பதாயின் நிழற்பிரதியையே கொடுங்கள். குறித்த நேரத்துக்கு முன்னரே போய்ச் சேருங்கள். பேருந்துப் பிரயாணத்தால் வரமுடியாத நிலையேற்பட்டால் முன்கூட்டியே அறிவியுங்கள். பேசாமல் விட்டால் அக்கறையில்லை என்றே கருதப்படும்.

சட்டத்தரணியைக் கூட்டிச்செல்ல முடியாது. அவரவரே வாய்திறந்து கதைக்க வேண்டும். முதுமையாலோ நோயாலோ வரமுடியாதவர் கணவன், மனைவி, பிள்ளை போன்ற நெருங்கிய உறவினரை அனுப்ப விரும்பினால் முன்னரே சபையின் அனுமதியைக் கேட்க வேண்டும். கூச்சப்படும் பெண்கள் வீட்டிலேயே ஓரிரு முறை சொல்லிப் பார்க்கலாம். மறுதரப்பினர் கதைக்கும்போது குறுக்கிடாதீர்கள். குறித்துவைத்துப் பின்னர் பதில் சொல்லுங்கள். சபையில் சொல்லப்பட்டதைப் பின்னர் வழக்கில் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது என்பதால் மனந்திறந்து கதைக்கலாம்.

8. இணக்கம் எழுதும்போது

உடன்பாடு ஏற்பட்டால் அது எழுத்தில் வரும். இரு தரப்பும் கையொப்பமிடும். ஒவ்வொருவருக்கும் பிரதி கிடைக்கும். களைத்துப்போய், விளங்காமல் கையொப்பமிடாதீர்கள். வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். யார், எதை, எந்தத் திகதிக்கு முன், யார் செலவில் செய்வது என்பவை இருக்கின்றனவா என்று பாருங்கள். 'வேலியைச் சரிசெய்வார்' என்பது போதாது.

காணியின் ஒரு துண்டை விற்பதாகவோ மாற்றிக்கொள்வதாகவோ உடன்பட்டால், சபைக் கடதாசி மட்டும் உரித்தை மாற்றாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் உறுதியாக முடிக்கப்பட வேண்டும். அதற்கான திகதியையும் செலவையும் உடன்பாட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

9. இணக்கம் வராவிட்டால்

மறுதரப்பினர் வராமல் விடலாம், வந்தும் உடன்படாதிருக்கலாம். அப்போது இணக்கம் காணப்படவில்லை என்ற சான்றிதழைச் சபை வழங்கும். அதனைத் தோல்விக் கடிதமென்று கிழித்தெறிய வேண்டாம். நீதிமன்றக் கதவைத் திறக்கும் திறப்பு அதுவே. அச்சான்றிதழுடன் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். உடன்பட்ட பின் ஒருவர் வாக்கு மாறினாலும் தவிசாளருக்கு அறிவித்து மீண்டும் சபையைக் கூட்டும்படி கேட்கலாம். அப்போதும் சரிவராவிட்டால் அதே சான்றிதழைப் பெறலாம்.

ஈசாக்கின் வேலையாட்கள் கெரார் பள்ளத்தாக்கில் தோண்டிய கிணறுகளுக்காக அயலவர் சண்டையிட்ட கதை தொடக்கநூலில் உண்டு. கிணற்றுத் தகராறு அவ்வளவு பழையது. நாம் இழந்த ஆண்டுகளை எந்தச் சபையும் திருப்பித் தரப்போவதில்லை. ஆனால் நாளை நம் பிள்ளைகளும் அயலவர் பிள்ளைகளும் ஒரே கிணற்றில்தான் தண்ணீர் அள்ளப்போகிறார்கள். அதனை மனதில் வைத்துப் பேனையை எடுப்போம்.

குழுவாகக் கலந்துரையாட

1. உங்கள் ஊரில் தீராதிருக்கும் காணிப் பிணக்குகள் எவை? அவற்றில் எவை மத்தியஸ்த சபைக்கு உரியவை? எவை பிரதேச செயலகத்துக்கோ கமநல சேவை நிலையத்துக்கோ உரியவை?

2. உங்கள் குடும்பத்தின் காணி ஆவணங்கள் எங்கே உள்ளன? தொலைந்தவற்றின் பிரதியை எடுக்க யார், எப்போது போவீர்கள்?

3. உதாரணத்தில் வந்த அயலவரின் இடத்தில் நீங்கள் இருந்தால், முதல் விண்ணப்பத்தைக் கேட்டதும் என்ன செய்வீர்கள்? இரண்டாவதைக் கேட்டால்?

செயற்பாடு: இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் சொல்ல மற்றவர் எழுதும் முறையில், ஆறு பகுதிகளும் கொண்ட ஒரு விண்ணப்பத்தை எழுதுங்கள். பின்னர் குழுவில் வாசித்து, ஆளைப் பற்றிய சொற்கள் எவை என்று கண்டு வெட்டுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத முதியவருக்கு எழுதிக் கொடுக்க ஒவ்வொரு குழுவிலும் ஒருவரைத் தெரிவுசெய்யுங்கள்.